மஞ்சப்பையில் இருந்த பதினோரு சீட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆச்சி மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது ஒரு தாயத்து. அப்புறம் ஸ்கேன் உறை, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு பணம் போனது என்று நோட்டுத் தாளில் கிறுக்கிய கணக்கு. "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு சார், நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் அவர் மகள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழு மாதப் பேத்தி ஆச்சியின் மடியில் இருந்தாள். மகளின் மடியில் இல்லை. அன்று நான் முதலில் குறித்துக்கொண்டது அதைத்தான்.

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து கதையை முழுசாகக் கேட்டு எழுதி வைப்பது என் வேலைகளில் ஒன்று. இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை.

தாள்களைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினேன். பதினோரு சீட்டுகள், நான்கு வாசல்கள், ஆறு மாதம். நோட்டுத் தாள் கணக்கைக் கூட்டினால் 24,750 ரூபாய். 2015–16-ல் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். மனநோய் உள்ளவர்களில், எந்த நோய் என்பதைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்று அது சொன்னது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் யாரிடமும் போகாமல் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணும் அந்தக் கணக்கில்தான் வருவார். ஆனால் அவர் வீட்டில் கிடக்கவில்லை, ஆறு மாதமாக வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார்.

நடந்தது இதுதான். வயது 26, பி.காம். படித்தவர், முதல் பிரசவம், அறுவை சிகிச்சை செய்து எடுத்த பெண் குழந்தை. கணவர் வடமாநிலங்களுக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிரசவம் முடிந்து தாய் வீட்டில் இருந்த 23-ஆம் நாள். ஆச்சி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், பால்காரர் கூப்பிட்டதும் அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். குழந்தை தொட்டிலில். அரிவாள்மனையைப் பார்த்த கணத்தில் இந்தப் பெண்ணின் மனதில் ஓர் எண்ணம் வெட்டியது: 'இதை எடுத்து நானே பிள்ளையை ஏதாவது பண்ணிட்டா?' உடம்பெல்லாம் வியர்த்து, புறவாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். அன்று அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதே எண்ணம் வந்தது. ஒரு வாரத்தில் வீட்டில் இருந்த கத்தி, கத்தரி, ஊசி எல்லாம் பரணுக்குப் போயின. ஒரு மாதத்தில் குழந்தையோடு தனியாக இருப்பதையே விட்டுவிட்டார்.

பச்சை உடம்புக்காரி

பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, அந்தி நேரத்தில் கொல்லைக்குப் போனாள், ஏதோ காத்து கருப்பு அண்டியிருக்கும். இது ஆச்சியின் முதல் கணிப்பு. மூன்று தடவை மந்திரித்ததில் 2,500 ரூபாய். பிறகு வேன் பிடித்து ஒரு தர்காவுக்குப் போய் ஓரிரவு தங்கினார்கள், அதில் 4,000. அங்கேயே நாற்பது நாள் விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஆச்சியின் அண்ணன் ஒரே பிடியாக மறுத்துவிட்டாராம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்ததை அவர் மறக்கவில்லை. அதற்குப் பின் எவ்வளவோ மாறிவிட்டது. ஏர்வாடி தர்காவில் வேண்டுதலுக்கு வருகிறவர்களையே மனநல மருத்துவரும் பார்க்கும்படி 'தவா–துவா' என்று ஒரு திட்டம்கூட வந்தது. மருந்தும் வேண்டுதலும் என்று பொருள். வேண்டுதலை விட்டுவிட்டு வா என்று நான் எந்தக் குடும்பத்திடமும் சொன்னதில்லை. சொன்னால் வேண்டுதல் நிற்காது, எங்களிடம் வருவதுதான் நிற்கும்.

இரண்டாவது வாசல், பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவர். "தூக்கம் இல்லை, படபடப்பா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் ரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். அது சரியான முடிவுதான். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலே படபடப்பு, அழுகை, தூக்கமின்மை எல்லாம் வரும். முடிவில் தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையும் "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்ற வார்த்தையும் கிடைத்தன. 1,850 ரூபாய்.

அந்த அறையில் எண்ணத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. டாக்டர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'என் பிள்ளையை நானே கொன்னுடுவேனோன்னு தோணுது' என்பதை எந்த வாயால் எந்தத் தாய் சொல்வாள்? பின்னால் எங்கள் உளவியலாளர் அவரிடம் சொன்ன ஒரு தகவலை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பையில் பாதித் தாள் இருந்திருக்காது: புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால், ஏறத்தாழ பாதிப் பேர் இப்படி வேண்டாத எண்ணம் ஒரு தடவையாவது வந்துபோனதை ஒப்புக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

நரம்பு டாக்டர்

தமிழ்நாட்டில் மனநலத்துக்கு இன்னொரு பெயர் நரம்பு. 'மெண்டல் டாக்டர்' என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும், 'நரம்பு டாக்டர்' என்றால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நரம்புத் தளர்ச்சி என்ற ஒரு சொல்லுக்குள் பதற்றம், மனச்சோர்வு, கைநடுக்கம், தாம்பத்தியச் சிக்கல் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடலாம். நரம்பியல் மருத்துவர்கள் பார்ப்பது வலிப்பு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, நடுக்குவாதம் போன்ற நோய்களை. அவர்கள் படித்தது அதைத்தான். ஆனால் வெட்கம் காரணமாக நாம் அனுப்பிவைக்கிற கூட்டமும் அவர்கள் வாசலில்தான் நிற்கிறது.

நகரத்தில் பெயர்பெற்ற ஒருவரிடம் போனார்கள். தலைபாரம், தூக்கமின்மை, படபடப்பு என்ற மூன்றைத்தான் சொன்னார்கள். இந்த மூன்றை வைத்து அவர் எங்கே போக முடியும்? இ.இ.ஜி. எடுத்தார், எம்.ஆர்.ஐ. எடுத்தார், இரண்டிலும் ஒன்றும் இல்லை. இரவுக்குக் குளோனாசெபாம் எழுதினார். இரண்டு தடவை பார்த்த கட்டணம், பரிசோதனைகள், மருந்து எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். மொத்தச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

குளோனாசெபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் பதற்றத்தை அரை மணியில் தணிக்கும். அதனாலேயே நல்ல மருந்து போலத் தோன்றும். நாள்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் படபடப்பு முன்னைவிடக் கூடும். தாய்ப்பால் கொடுக்கிறவர் போட்டால் பிள்ளைக்கும் மயக்கம் தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இதில் வேறொரு வினை சேர்ந்தது. மாத்திரை போட்டதும் ஆழ்ந்த தூக்கம். 'தூக்கத்துல எந்திரிச்சுப் போய் நான் ஏதாவது பண்ணிட்டா எனக்கே தெரியாதே' என்று புதிய பயம். தன் காலைத் துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ராப் பாலையும் நிறுத்திவிட்டார், ஆச்சி புட்டிப்பால் கொடுத்தார்.

அந்த டாக்டர் தப்பு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஸ்கேன் சரியாக இருந்த அன்று, "இது என் பாடம் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். மேசையில் கிடந்த பதினோரு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதிய தாள் ஒன்றுகூட அதில் இல்லை. ஒவ்வொரு வாசலும் தன்னோடு முடிந்துபோயிருந்தது.

திரைக்குள் ஒரு அக்கா

நான்காவது வாசலைக் கணவர் கண்டுபிடித்தார். செல்போனில் வீடியோ வழியாக ஆலோசனை தரும் ஒரு பெண். ஒரு அமர்வு 900 ரூபாய், ஆறு அமர்வு, 5,400.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த நான்கு வாசல்களில் இந்தப் பெண்ணைப் பேசவிட்டது இது ஒன்றுதான். மற்ற இடங்களில் ஆச்சி பேசினார், இங்கே இவர் பேசினார். மூன்றாவது அமர்வில், நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். அதுவரை நடந்ததெல்லாம் நல்லதுதான். அதற்குப் பிறகுதான் ஆலோசகருக்குக் கைமீறியது.

எண்ணம் வரும்போதெல்லாம் "நான் நல்ல அம்மா" என்று இருபது தடவை சொல்லும்படி அவர் சொல்லிக்கொடுத்தார். பதற்றமாக இருக்கும் ஒருவருக்குச் சொல்லத் தோன்றுகிற யோசனைதான். ஆனால் இவருக்கு வந்திருந்த நோயின் (அதன் பெயர் பின்னால்தான் தெரிந்தது) சூட்சுமமே வேறு. எண்ணம் வரும், பயம் எழும், பயத்தைத் தணிக்க ஏதோ ஒன்றைச் செய்வார், பயம் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தின் ருசியில் மனம் மறுபடியும் எண்ணத்தைக் கொண்டுவரும். தணிக்கச் செய்கிற காரியம் எதுவானாலும் அது நோய்க்குத் தீனி. இருபது தடவை சொல்வது அந்த வாரமே ஒரு சடங்காகிவிட்டது. பதினேழில் குழந்தை அழுதால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஆறாவது அமர்வில் ஆலோசகர் பயந்துபோய்க் கணவரைக் கூப்பிட்டு, குழந்தையை இவரிடம் தனியாக விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்வது சுலபம். கேட்ட வார்த்தை அப்படி. ஆனால் அதைக் கேட்ட இந்தப் பெண்ணுக்கு ஒன்றுதான் புரிந்தது: அப்படியானால் நான் நினைத்தது உண்மைதான், படித்தவர்களே பயப்படுகிறார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல வல்லுநர் என்று யாரையெல்லாம் கொள்ளலாம் என்று வரையறுக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநல மருத்துவம் படித்தவர், அதாவது மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர். ஆயுர்வேதம், சித்தம் போன்ற ஆயுஷ் முறைகளில் மனநலம் சார்ந்த மேற்படிப்பு படித்தவர்களும் உண்டு. சித்தத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற பட்டமேற்படிப்பு அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது, இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் உளவியலில் முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு எம்.ஃபில். அல்லது ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்கும் படிப்பு முடித்து, அதில் பதிவெண் வாங்கியவர். பெயரைப் போட்டு அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். 'கவுன்சலர்' என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. முதுகலை படித்துப் பல வருடம் மேற்பார்வையில் பழகியவரும் அந்தப் பலகையை மாட்டலாம், வாரக்கடைசி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் மாட்டலாம்.

அதற்காகக் கவுன்சலர் என்றாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. துக்கம், குடும்பச் சண்டை, விவாகரத்து, பிள்ளையின் படிப்புப் பயம், வேலை போன அதிர்ச்சி, இவற்றுக்கு நன்றாகப் பயின்ற ஆலோசகர் போதும். எங்கள் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிகிற திங்கட்கிழமை ஒருவருக்கு நான்கு நிமிடம்கூடக் கிடைக்காது. அதைவிட ஒரு மணி நேரம் காதுகொடுக்கிற ஆலோசகர் மேல் என்று நானே சிலரை அனுப்பியிருக்கிறேன். இந்தப் பெண் நல்ல ஆளிடம்தான் போனார். அந்த ஆளின் கைக்குள் அடங்காத நோயோடு போனார்.

14416

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி, கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். டெலி மனஸ், மனநலத்துக்கான தொலைபேசி உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் ஒன்றிய அரசு தொடங்கியது. காசில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். எடுத்தவர் முதலில் அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். சில கேள்விகள் கேட்டார். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நினைப்பு உண்டா என்பதும் அதில் ஒன்று. ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "ரெண்டு நாள் முன்னாடி, நான் இல்லாமப் போனா பிள்ளை பிழைச்சுக்கும்னு தோணுச்சு" என்றிருக்கிறார் இவர். அன்று ராத்திரி யாராவது கூடவே படுக்க வேண்டும், காலையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள், இவ்வளவையும் சொன்னாராம்.

இன்னொரு வாசலைக் கைகாட்டிய முதல் வாசல் இது. தாளில் எழுதாத, வாய்வார்த்தையான பரிந்துரை. மறுநாள் காலை ஏழரைக்கு 62 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள்.

ஒரே வராந்தாவில் மூன்று பேர்

நான் கேட்டு எழுதியதை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவர் அவரைத் தனியாகப் பார்த்தார். புறநோயாளிப் பிரிவில் நான்கு நிமிடம் என்று சொன்னேன் அல்லவா, இவருக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுத்தது.

அவருக்கு முன்னால் இருந்த முதல் கேள்வி, இது எந்த நோய் என்பதற்கும் முந்தியது: பிள்ளைக்கு ஆபத்து உண்டா? பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூக்கமே இல்லாமல் போவது, பேச்சு குழறுவது, காதில் குரல் கேட்பது, பிள்ளை தன்னுடையதே இல்லை என்பது, அதில் தெய்வமோ பேயோ இருக்கிறது என்று உறுதியாக நம்புவது. அது நெஞ்சுவலி போன்ற அவசரம். அன்றே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும், எந்த ஆலோசகரிடமும் ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்துவைத்துப் பார்க்கும் பிரிவு பெங்களூரு நிமான்ஸில் இருக்கிறது. எல்லா ஊரிலும் அது இல்லை.

டாக்டர் கேட்ட கேள்விகள் எளியவை. அந்த எண்ணம் உங்களுடையதா, யாராவது காதில் சொல்கிறார்களா? அது வரும்போது ஆசையாக இருக்கிறதா, அருவருப்பாக இருக்கிறதா? அதைத் தடுக்க என்னவெல்லாம் செய்கிறீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உண்டா? குரல் இல்லை, குழப்பம் இல்லை. எண்ணத்தின் மேல் அவருக்கு இருந்தது வெறுப்பும் திகிலும் மட்டும். அதைத் தடுக்கக் கத்தியை ஒளிக்கிறார், குழந்தையின் மூச்சை ராத்திரி முழுக்கத் தொட்டுப் பார்க்கிறார், "நான் அப்படிப் பண்ணுவேனாம்மா?" என்று ஆச்சியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறார். ஓ.சி.டி., தமிழில் எண்ணச் சுழற்சி நோய். கூடவே மனச்சோர்வும். இந்த நோயில் இப்படி எண்ணம் வருகிறவர்கள் எண்ணியதைச் செய்துவிடப் பயப்படுகிறார்களே தவிர, செய்வதற்குத் துடிப்பதில்லை. இதைப் பிரித்தறிவது மனநல மருத்துவரின் வேலை, அதை வேறு யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

நோயின் கடுமையை அளக்கும் ஒய்-போக்ஸ் அளவுகோலில் 40-க்கு 29. கடுமையானது என்ற வரிசையில் வரும்.

அப்புறம் வந்தது அடுத்த தேர்வு. மருந்தா, பேச்சு வழிச் சிகிச்சையா? தாள்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த தம்பி, "மாத்திரை வேண்டாம், சைக்காலஜிஸ்ட் மட்டும் போதும்" என்றான். நோய் லேசாக இருந்தால் அவன் சொன்னது சரி. இந்த நோய்க்கென்று உள்ள பயிற்சி மருந்துக்கு இணையாகவே வேலை செய்யும். இங்கே மூன்று காரணங்கள் குறுக்கே நின்றன. அளவு 29. சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தது. எங்கள் பிரிவில் மருத்துவ உளவியலாளர் ஒரே ஒருவர், முதல் நேரம் கிடைக்கவே மூன்று வாரம். அதனால் டாக்டர் அன்றைக்கே செர்ட்ராலின் தொடங்கினார். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் மருந்து. இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு வேண்டியிருக்கும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் மூன்றாம் வாரம் மாத்திரை குப்பையில் கிடக்கும். குளோனாசெபாமைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

பெரியப்பா ஒருவர் சித்த மருத்துவம் பார்க்கலாமே என்று போனில் சொன்னார். சட்டம் சொல்லும் அந்தச் சிறப்பு மருத்துவப் படிப்பு முடித்தவர் அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, கடுமையும் அதிகம் என்று டாக்டர் விளக்கியதும் பேச்சு நின்றுவிட்டது.

இனி என் தப்பு. முதல் இரண்டு வாரம், உளவியலாளரிடம் நேரம் கிடைக்கும்வரை, குடும்பத்துக்கு வழி சொல்ல வேண்டியது நான். ஆச்சியிடம், "அவ கேக்கும்போதெல்லாம் 'நீ அப்படிப் பண்ண மாட்டே தாயி'ன்னு தைரியம் சொல்லுங்க ஆச்சி" என்றேன். பதினான்கு வருட அனுபவம் பேசியது. மூன்றாம் வாரம் வந்தபோது ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி அறுபதாகியிருந்தது. உளவியலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்த ஆலோசகர் இருபது தடவை சொல்லச் சொன்னதும் நீங்க ஆச்சியைச் சொல்லச் சொன்னதும் ஒண்ணுதான்" என்றார். பேசாமல் கேட்டுக்கொண்டேன். தன் வேலையின் எல்லை எங்கே முடிகிறது என்பது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

உளவியலாளரின் முறைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். பயத்தை ஏறி இறங்கும் படிக்கட்டாக அடுக்கிக்கொள்வது, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது, ஏறி நிற்கும்போது பயத்தைத் தணிக்க எதையும் செய்யாமல் அது தானாக இறங்கும்வரை காத்திருப்பது. முதல் படி, 'அரிவாள்மனை' என்ற சொல்லைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருப்பது. சிரிப்பாக இருக்கும், அவருக்குக் கை நடுங்கியது. பிறகு அதன் படம். பிறகு அதைப் பரணிலிருந்து இறக்கிச் சமையலறை மூலையில் வைப்பது. பிறகு பிள்ளை தொட்டிலில் இருக்க, அதே வீட்டில் வெண்டைக்காய் நறுக்குவது. பிறகு பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டுவது. ஆச்சிக்கும் பயிற்சி இருந்தது. மகள் கேட்டால், "அதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல" என்று மட்டும் சொல்ல வேண்டும். பெற்ற வயிறு, முதல் வாரம் ஆச்சிதான் அதிகம் அழுதார்.

மொத்தம் 14 அமர்வு. செர்ட்ராலின் 150 மில்லிகிராம் வரை ஏறியது. நான்காம் மாதத்தில் ஒய்-போக்ஸ் 11. எண்ணம் நின்றுவிட்டதா என்று கேட்டால் இல்லை. "வருது சார். வந்துட்டு, ஆளில்லைன்னு போயிருது" என்றார்.

மாத்திரை வாங்க மட்டும் 62 கிலோமீட்டர் வருவது அநியாயம். 1996-ல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில், வட்ட மருத்துவமனைக்கே மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வந்து பார்ப்பது உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை ஒன்பது கிலோமீட்டர். ஆறு மாதம் அலைந்த குடும்பத்துக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. தாயத்துக் கட்டியவர், மகப்பேறு மருத்துவர், நரம்பு டாக்டர், ஆலோசகர், யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாகப் போன மாதம் வந்தார்கள். குழந்தை நடக்கிறாள், என் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. மறுபடி இந்த நோய் தலைதூக்க வாய்ப்பு உண்டு. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, கருத்தரிக்குமுன்பே டாக்டரோடு கலந்து பேச வேண்டும், பிரசவம் பார்ப்பவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பழைய மகப்பேறு மருத்துவரிடமே போகப் போகிறார்கள் என்பதால், டாக்டர் கையெழுத்தோடு அவருக்கு ஒரு கடிதம் தயார் செய்தேன். ஆச்சி அதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"அதுல அரிவாள்மனையைப் பத்தி எழுதிறாதீங்க தம்பி" என்றார். சாராக இருந்த நான் எப்போதோ தம்பியாகியிருந்தேன்.

எழுதவில்லை ஆச்சி, என்றேன். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எப்போது தொடங்கியது, பிரசவத்துக்குப் பின் இரண்டாவது வாரமே எங்களிடம் அனுப்பும்படி ஒரு வரி, எங்கள் பிரிவின் போன் எண். அவ்வளவுதான் இருந்தது. நான்காக மடித்து, ஸ்கேன் உறைக்கு மேலே வைத்து, மஞ்சப்பையின் வாயைச் சுருட்டிக்கொண்டார்.